கல்லும் கணினியும்

தமிழ்ப் பண்டிதன் ஒருவன் இணையத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். ஏடும் எழுத்தாணியும் அவனுக்கு உரியன, கணினியும் கைத்தொலைபேசியும் இளைஞர்க்கு உரியன என்பது பலர் எண்ணம். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தைத் தகர்த்தவன் என் மாணாக்கன் ஒருவன். அவன் கேட்ட ஒரு கேள்வியும், அதற்கு விடை தேடி யான் சென்ற வழியுமே இக்கட்டுரையின் பொருள்.

எங்கள் கல்லூரியில் தமிழோடு வரலாற்றையும் உயர்தர வகுப்புக்குக் கற்பிக்கும் பொறுப்பு என்னுடையது. காலி மும்மொழிக் கல்வெட்டைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரே வாக்கியத்தையே எழுதி வந்தேன். "சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ கொணர்ந்த இக்கல்லிலே சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் ஒரே செய்தி பொறிக்கப்பட்டுள்ளது" என்பதே அவ்வாக்கியம். யான் மாணவனாயிருந்த காலத்தில் என் குறிப்பேட்டில் எழுதிக் கொண்டது அது. 20 ஆண்டுகளுக்கு மேலாக என் மாணவர் அதனை எழுதினர், மனனஞ் செய்தனர், பரீட்சையில் ஒப்புவித்துப் புள்ளியும் பெற்றனர்.

ஒரு நாள், வகுப்பின் பின்வரிசையில் இருந்த மாணவன் எழுந்தான். "ஐயா, இக்கல்வெட்டின் மொழிபெயர்ப்பை நேற்று இணையத்திலே பார்த்தேன். சீனப் பகுதியிலே புத்தருக்குக் காணிக்கை என்றிருக்கிறது. தமிழ்ப் பகுதியிலே புத்தர் பெயர் இல்லை. தெனாவரை நாயனார் என்றிருக்கிறது. அப்படியானால் ஒரே செய்தி என்று எவ்வாறு சொல்வது?" என்றான். வகுப்பு முழுவதும் என் முகத்தை நோக்கியது. "நாளைக்குச் சொல்லுகிறேன்" என்று கூறி அன்றைய பாடத்தை முடித்தேன். உண்மை யாதெனில், அக்கல்வெட்டின் வாசகத்தை யான் ஒருநாளும் கண்ணாற் கண்டதில்லை. காணாத ஒன்றைப் பற்றி 20 ஆண்டுகள் கற்பித்திருந்தேன்.

அன்று மாலை அம்மாணவனையே துணையாகக் கொண்டு கல்லூரிக் கணினி அறையில் அமர்ந்தேன். ஆசிரியன் மாணவனாகவும் மாணவன் ஆசிரியனாகவும் அமைந்த மாலை அது.

கல் கூறிய செய்தி

இக்கல் 1911ஆம் ஆண்டு காலி நகரிலே தொமலின் என்னும் பொறியியலாளர் ஒருவராற் கண்டெடுக்கப்பட்டது. அப்போது அது ஒரு வடிகானுக்கு மூடியாகக் கிடந்தது. இன்று அது கொழும்புத் தேசிய நூதனசாலையில் உள்ளது. அதன் தமிழ்ப் பகுதியைப் பேராசிரியர் பரணவிதான வாசித்து, 'எப்பிகிராபியா செய்லனிக்கா' என்னும் இலங்கைக் கல்வெட்டுத் தொகுப்பின் மூன்றாந் தொகுதியில் வெளியிட்டார். முன்னாளில் அத்தொகுதியைக் காண வேண்டுமாயின் கொழும்புக்கோ பேராதனைக்கோ செல்லுதல் வேண்டும். சென்றாலும் நூலகத்தார் உள்ளே விடுதல் வேண்டும். இன்றோ அதன் பக்கங்கள் யாவும் படமாக்கப்பட்டு 'இன்ரநெற் ஆக்கைவ்' என்னும் இணைய ஆவணகத்திலே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அன்று மாலை கால் மணி நேரத்துக்குள் அப்பக்கங்கள் எம் கண்முன் நின்றன.

மாணவன் கூறியதே உண்மை. கல்லிலுள்ள காலக்குறிப்பு 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகின்றது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்னும் திருமாலைப் போற்றுகின்றது. மிகவுஞ் சிதைந்துபோன பாரசீகப் பகுதி இசுலாமிய நெறிப்படி இறைவனைப் போற்றுகின்றது. காணிக்கைப் பட்டியலோ, வாசிக்கக்கூடிய அளவில், பெரிதும் ஒத்திருக்கின்றது. பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டுகள், நறுமண எண்ணெய், தூபக்கலங்கள் என அது விரிகின்றது. சீனப் பேரரசன் ஒருவனே, கல் ஒன்றே, கொடை ஏறக்குறைய ஒன்றே, ஆயின், கொடை பெற்ற தெய்வங்கள் மூன்று.

'ஒரே செய்தி' என்று யான் எழுதிய இரண்டு சொற்கள் இக்கல்லின் உயிரையே மறைத்துவிட்டன அல்லவா? இந்துமாக்கடலின் வாணிகத்தில் ஈடுபட்ட மூவகை மக்களையும் அவரவர் மொழியில், அவரவர் தெய்வத்தின் பெயரால் விளித்த அரசதந்திரம் அதிலே உள்ளது. தென்னிலங்கைத் துறையிலே தமிழ் எத்தகைய இடத்தைப் பெற்றிருந்தது என்பதற்கும் அதிலே சான்று உள்ளது. இவையெல்லாம் என் மாணவர்க்கு 20 ஆண்டுகளாக மறைக்கப்பட்டிருந்தன, மறைத்தவன் யானே.

கல்லிலிருந்து கோயிலுக்கு

ஒரு மூலாதாரத்தைக் கண்டவன் அதனோடு நிற்பதில்லை. தெனாவரை நாயனார் யார் என்பது அடுத்த கேள்வி. தெனாவரை என்பது இலங்கையின் தென்கோடியிலுள்ள தேவேந்திரமுனை. அங்கிருந்த பெருங்கோயிலை நேரிற் கண்டதாகக் கூறுபவர் மொறோக்கோ நாட்டுப் பயணியான இபின் பதூதா. அவர் 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தார். பொன்னாலான தெய்வ வடிவத்தையும், அதன் கண்களாகப் பதிக்கப்பட்ட இரு மாணிக்கங்களையும், ஏறக்குறைய ஆயிரம் பிராமணரையும் யோகியரையும் பற்றி அவர் கூறுகின்றார். அதே பயணத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததாகவும், அவ்வரசர் பாரசீகம் அறிந்திருந்தார் எனவும் கூறுகின்றார். கல்லிலே பாரசீகம் ஏன் வந்தது என வியந்த மாணவனுக்கு இங்கே ஒரு விளக்கு ஏற்றப்படுகின்றது. இபின் பதூதாவின் பயண நூலும் மொழிபெயர்ப்பிலே இணையத்திற் கிடைக்கின்றது.

கோயிலின் முடிவு 1588இல் நிகழ்ந்தது. போர்த்துக்கேயப் படையினர் அதனை இடித்துக் கொள்ளையிட்டனர். அதனைக் கூறும் நூல்களுள் ஒன்று குவைறோஸ் பாதிரியார் எழுதியது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1930இல் கொழும்பிலே வெளிவந்தது.

இனி, கல் கூறாது விட்டதும் ஒன்றுண்டு. கொடையைப் பற்றிக் கல் பேசுகின்றது. போரைப் பற்றிப் பேசவில்லை. அதே செங் ஹோ இலங்கை மன்னன் ஒருவனோடு பொருது, அவனைச் சிறைபிடித்து 1411இல் சீனத்துக்குக் கொண்டு சென்றதைச் சீனரின் மிங் அரச வரலாற்று ஏடுகள் கூறுகின்றன. கல்லை மாத்திரம் படித்தவன் செங் ஹோவை அடியார் என்பான். ஏட்டை மாத்திரம் படித்தவன் அவனைப் படையெடுத்தவன் என்பான். இரண்டையும் ஒருங்கே வைத்துப் படிப்பவனே வரலாறு கற்றவன்.

எது முதன்மைச் சான்று?

நம் பாடநூல்கள் மூலாதாரங்களை இலக்கியம், தொல்பொருள் எனப் பிரித்துப் பட்டியலிடுகின்றன. மாணவரும் அப்பட்டியலை மனனஞ் செய்கின்றனர். ஆனால், ஒரு நூல் முதன்மைச் சான்றா, அன்றா என்பது நாம் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது என்பதை நாம் அவர்க்குச் சொல்வதில்லை.

குவைறோஸ் தம் நூலை எழுதியது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். கோயில் இடிக்கப்பட்டது அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்னர். ஆகவே, 1588ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்கு அவர் கண்கண்ட சாட்சியல்லர். ஆயின், அந்நிகழ்ச்சியை அவர் காலத்துப் பாதிரிமார் எவ்வாறு நோக்கினர் என்பதே கேள்வியாயின், அவர் நூலே முதன்மைச் சான்று. நம் மயில்வாகனப் புலவரின் 'யாழ்ப்பாண வைபவமாலை'யும் அத்தகையதே. ஒல்லாந்தர் காலத்திலே, ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க எழுதப்பட்ட நூல் அது. 13ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சிகளுக்கு அதனை நேர்ச்சான்றாகக் கொள்ளுதல் இயலாது. 18ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தார் தம் முன்னோரைப் பற்றி யாது நம்பினர் என்பதற்கோ அதனினும் சிறந்த சான்று அரிது. இபின் பதூதாவும் 1344இற் கண்டதை 1355ஆம் ஆண்டளவிலேயே நினைவிலிருந்து சொல்லி எழுதுவித்தார். பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட நினைவிலே எது கூடிற்று, எது குறைந்தது என்று கேட்பது அவரை இகழ்தலாகாது. அவரை ஒழுங்காகப் படித்தலே ஆகும்.

யார் கூறினும் அதனுள் உறையும் உண்மையை ஆராய்ந்து காண்க என்று வள்ளுவனார் வகுத்த நெறி இதுவன்றோ?

தேடும் வழி

இணையத்திலே இலங்கை வரலாற்று மூலாதாரங்கள் பல இடங்களிற் சிதறிக் கிடக்கின்றன. நம்மவர் முயற்சியால் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் மின்னூலகத்திலே ஈழத்துத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் பெருந்தொகையாக உள்ளன. 'குட்டன்பேர்க்' என்னும் நூற்றிட்டத்திலே 1681இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் இலங்கை நூலும், ஒல்லாந்த ஆணையாளர் சுவார்தெக்குறூன் 1697இல் யாழ்ப்பாண ஆட்சியைப் பற்றி எழுதிவைத்த அறிக்கையின் ஆங்கில மொழிபெயர்ப்பும் உள்ளன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் ஒல்லாந்து நாட்டுத் தேசிய ஆவணகத்தினால் இணையத்தில் இடப்பட்டுள்ளன; அவற்றுள் ஏறக்குறைய 50 இலட்சம் பக்கங்களின் கையெழுத்தை இயந்திரத்தைக் கொண்டே வாசித்து எழுத்துருவாக்கும் பணியும் நடைபெற்றுள்ளது. மலாயாவுக்குச் சென்ற யாழ்ப்பாணத்தாரைப் பற்றி ஆராய்வோர்க்குச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் படமாக்கி வைத்துள்ள பழைய பத்திரிகைகள் பெருந்துணை புரியும்.

இடம் தெரிந்தாற் போதாது. தேடும் சொல்லும் தெரிதல் வேண்டும். இங்கேதான் மாணவர் பலர் இடறி விழுகின்றனர். தென்மராட்சியைப் பற்றி அறிய விரும்பிய ஒருவன் இன்று வழங்கும் ஆங்கில எழுத்துக் கூட்டலால் சுவார்தெக்குறூன் அறிக்கையிலே தேடினான், ஒன்றுமில்லை என்றான். ஒல்லாந்தர் காதில் அவ்வூர்ப் பெயர் 'திம்மொராட்சே' என்பது போலவும், வடமராட்சி 'வத்தெமொராட்சே' என்பது போலவும் விழுந்தன. அவ்வுருவங்களிலே தேடியபோது பக்கம் பக்கமாகச் செய்தி வந்தது. ஊழியம், தலைவரி, யானை வாணிகம், சாயவேர் என்பன அங்கே விரிந்தன. இத்தகைய தேட்டத்திற் பண்டிதருக்கும் ஒரு வேலையுண்டு. ஒலி திரிபும் மரூஉவும் அறிந்தவன் அயலார் வாயில் நம் ஊர்ப்பெயர் எவ்வாறு உருமாறும் என்பதை ஓரளவு ஊகிப்பான். நன்னூல் கற்றவனுக்கு இணையத்தில் இடமில்லை என்பது பொய்.

அவ்வறிக்கையைப் படிக்கும்போது மற்றொன்றையும் மறத்தலாகாது. அது ஆள்வோன் தன் அலுவலருக்கு எழுதியது. வரி எவ்வளவு வந்தது, ஊழியம் செய்ய வராதார் எத்தனை பேர் என்பனவே அவன் கவலை. ஊழியம் செய்தவன் பட்ட துன்பத்தை அவன் எழுதப் புகவில்லை. அதனை அவன் எழுதிய வரிகளுக்கிடையிலே நாம் படித்தறிதல் வேண்டும்.

படமும் படியும்

நம் ஊர்ச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 'கலித்தொகை'யை 1887இற் பதிப்பித்தபோது, ஏட்டுச் சுவடிகள் பலவற்றைத் தேடித் தொகுத்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கியே பாடங் கண்டார்கள். ஒரு சுவடியை மாத்திரம் நம்பி அவர் அச்சுக்குக் கொடுத்ததில்லை. அந்நெறி இணையத்துக்கும் முற்றும் பொருந்தும். பழைய நூலின் பக்கத்தைப் படமாக எடுத்து வைத்திருப்பது ஒன்று. அதனைத் தட்டெழுத்திலே படியெடுத்து வைத்திருப்பது வேறொன்று. படியிலே எழுத்து வழுவும், விடுபாடும் நேரும். இயந்திரம் வாசித்த படியிலே அவை இன்னும் மிகும். ஆதலின், படியிலே தேடுக, படத்திலே சரிபார்க்க. இதுவே என் மாணவர்க்கு யான் கற்பிக்கும் முதல் விதி.

வினாவியவுடன் விடை கூறும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று மாணவர் கையில் உள்ளன. அவை வழிகாட்டியாக உதவுதல் உண்டு. ஆயின், இல்லாத கல்வெட்டுக்கும் எழுதப்படாத நூலுக்கும் அவை சிலவேளை ஐயமின்றிப் பெயர் கூறிவிடும். அவ்விடத்து மாணவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "அந்தப் பக்கம் எங்கே?" பக்கத்தைக் காட்ட இயலாத விடை, எவர் வாயிலிருந்து வரினும், வரலாற்றுச் சான்றாகாது. 20 ஆண்டுகளாகப் பக்கம் காட்டாது கற்பித்த என்னையும் சேர்த்தே இதனைச் சொல்லுகின்றேன்.

அழிவும் காப்பும்

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. ஓரிடத்திலே ஒரு படியாக இருப்பது ஒரே இரவில் இல்லாமற் போகும் என்பதை நம் தலைமுறை கண்ணாற் கண்டது. மின்னூலகங்கள் நமக்கு ஏன் இன்றியமையாதன என்பதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டுவதில்லை.

எனினும், மின்னூலகமும் அழியாத கோட்டையன்று. 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் தீயோராற் தாக்கப்பட்டன. அந்நூலகத்தின் இணைய ஆவணங்கள் பல நெடுங்காலம் எவர்க்கும் எட்டாதிருந்தன. அத்துணைப் பெரிய நிறுவனத்துக்கே அந்நிலை நேருமாயின், நாம் யாது செய்தல் வேண்டும்? பயன்மிக்க ஆவணத்தைக் கண்டால், உரிமை தடுக்காதவிடத்து, ஒரு படியை இறக்கிக் கல்லூரி நூலகத்திலும் சேமித்தல் வேண்டும். எங்கே, எந்நாளிற் கண்டோம், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.

இன்னுமொன்று. எடுப்பவராக மாத்திரம் இராது கொடுப்பவராகவும் நாம் இருத்தல் வேண்டும். நம் வீட்டுப் பெட்டகங்களிலே பழைய காணி உறுதிகளும், ஓலைகளும், மலாயாவிலிருந்து வந்த கடிதங்களும், திருமண அழைப்பிதழ்களும் செல்லரித்துக் கிடக்கின்றன. பழைய பள்ளிக்கூட இடாப்புகள் பல, இடமில்லை என்று எரிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒரு மாணவனின் பாட்டன் பெயரும், ஒரு கிராமத்தின் வரலாறும் உள்ளன. அவற்றைப் படமெடுத்து, இன்னாரிடம் இன்ன நாளில் எடுக்கப்பட்டது என்ற குறிப்போடு, உரியவர் இசைவு பெற்று, மின்னூலகங்களிற் சேர்ப்பித்தல் ஆசிரியரும் மாணவரும் கூடிச் செய்யத்தக்க பணி.

வகுப்பறையிலே

இவற்றையெல்லாம் செய்வதற்கு வகுப்பிலே கணினி இல்லையே, பாடவிதானத்தை முடிக்க நேரமில்லையே என்று ஆசிரிய நண்பர்கள் கூறுவர். உண்மைதான். ஆயினும், தவணைக்கு ஒரு மூலாதாரம் போதும். ஒரு பக்கத்தை அச்சிட்டு, நால்வர்க்கு ஒரு தாளாகக் கொடுத்தாற் போதும். இதனை எழுதியவர் யார்? எப்போது எழுதினார்? யாருக்காக எழுதினார்? எதனைச் சொல்லாது விட்டார்? இந்நான்கு கேள்விகளுக்கும் மாணவர் தாமே விடை எழுதட்டும். ஆசிரியர் அன்று பேசாதிருத்தலே நல்லாசிரியர்க்கு அழகு.

மறுநாள் வகுப்பிலே என் வாக்கியத்தை அழித்துவிட்டு அச்சிட்ட பக்கத்தைக் கொடுத்தேன். "20 ஆண்டுகளாக யான் எழுதியது பிழை, இவன் கூறியதே சரி" என்றேன். அம்மாணவன் தலை குனிந்துகொண்டான். ஆனால், அன்றைய தினம் அவ்வகுப்பிலே எழுந்த கேள்விகள் அதற்கு முன் பல ஆண்டுகளில் எழுந்ததில்லை. "பாரசீகப் பகுதி மாத்திரம் ஏன் மிகச் சிதைந்தது?" என்றாள் ஒருத்தி. "சிங்களம் ஏன் இல்லை?" என்றான் மற்றொருவன். இரண்டுக்கும் விடை எனக்குத் தெரியவில்லை. "தெரியாது, தேடுவோம்" என்றேன். ஆசிரியன் வாயில் அச்சொற்களைக் கேட்டு வகுப்பு முதலிற் சிரித்தது. பின்னர் தேடத் தொடங்கியது.